டேட்டாபேஸில் எதை மாற்றலாம், எதை மாற்றக் கூடாது?

மன்னார்குடியில் என் பெரியப்பா பாத்திர வாடகைக் கடை வைத்திருக்கிறார். அண்டா, குண்டான், ஜமக்காளம், பிளாஸ்டிக் நாற்காலி என்று கல்யாண வீட்டுக்குத் தேவையான எல்லாம் அங்கே வாடகைக்குக் கிடைக்கும். 2022-ல் அந்தக் கடைக்கு நான் ஒரு சிறிய புரோகிராம் எழுதிக் கொடுத்தேன். யார் எதை எடுத்துப் போனார்கள், எவ்வளவு அட்வான்ஸ் கொடுத்தார்கள், என்றைக்குத் திருப்பித் தர வேண்டும் என்பதெல்லாம் அதில் பதிவாகும். தாமதமாகத் திருப்பித் தந்தால் ஒரு நாளைக்கு 50 ரூபாய் கட்டணம்.

மூன்று மாதம் கழித்து பெரியப்பா போன் செய்தார். "ஏம்மா, அந்த 50 ரூபாயை 75 ஆக்கணும். எங்கே அமுக்கணும்?" என்று கேட்டார்.

எங்கேயும் அமுக்க முடியாது. 50 என்ற எண்ணை நான் புரோகிராமின் கோடுக்கு உள்ளேயே எழுதி வைத்திருந்தேன். அதுவும் ஓர் இடத்தில் இல்லை, ஏழு இடங்களில். அடுத்த வாரம் ஊருக்குப் போய் ஏழு இடங்களிலும் மாற்றினேன். மாற்றியதாக நினைத்தேன் என்பதே சரி. ஆறு இடங்களில்தான் மாற்றியிருந்தேன். பில்லில் 75 என்று வந்தது. மாதக் கணக்கில் 50 என்றே கூட்டியது.

இப்படி ஓர் எண்ணையோ பெயரையோ கோடுக்குள் நேரடியாக எழுதி விடுவதை ‘ஹார்ட் கோட்’ செய்வது என்பார்கள். இதற்கு எதிரானது, அந்த எண்ணை வெளியே ஒரு செட்டிங்காக வைப்பது. "எல்லாவற்றையும் செட்டிங்காக வைத்து விட்டால் தொல்லை தீர்ந்ததே" என்று உங்களுக்குத் தோன்றும். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. அந்த எண்ணம் என்னை எங்கே கொண்டு போய் விட்டது என்பதைப் பிறகு சொல்கிறேன். முதலில் அடிப்படையைப் பார்ப்போம்.

ஓர் எண் எப்போது உறைகிறது?

சாஃப்ட்வேரில் உள்ள ஒவ்வொரு எண்ணும் ஏதோ ஒரு கட்டத்தில் உறைந்து விடுகிறது. அதற்குப் பிறகு அதை மாற்றுவது கடினம். வீடு கட்டுவதோடு ஒப்பிட்டால் இது எளிதாகப் புரியும்.

முதல் கட்டம், வரைபடம். தூண்கள் எங்கே வர வேண்டும் என்பது அங்கேயே முடிவாகி விடும். சாஃப்ட்வேரில் இது கோட் எழுதும் நேரம்.

இரண்டாம் கட்டம், சுவர் எழுப்புவது. ஒயரும் தண்ணீர்க் குழாயும் சுவருக்குள் போவது இப்போதுதான். நாம் எழுதும் கோடைக் கம்ப்யூட்டர் நேரடியாக இயக்காது. அதைக் கம்ப்யூட்டருக்குப் புரியும் வடிவத்துக்கு மாற்ற வேண்டும். இதைக் ‘கம்பைல்’ செய்வது என்றும், முழு சாஃப்ட்வேரையும் இப்படித் தயாரிப்பதை ‘பில்ட்’ என்றும் சொல்கிறோம். பில்ட் செய்யும்போது மட்டும் கொடுக்கக் கூடிய செட்டிங்குகள் உண்டு.

மூன்றாம் கட்டம், டைல்ஸ் ஒட்டுவது. குடி வருவதற்கு முன் எந்த டைல்ஸ் வேண்டுமானாலும் தேர்வு செய்யலாம். பீரோவும் கட்டிலும் வந்த பிறகு மாற்ற வேண்டும் என்றால் எல்லாவற்றையும் வெளியே எடுத்து வைக்க வேண்டும். டேட்டாபேஸில் இது, புதிதாக ஒரு டேட்டாபேஸை உருவாக்கும் நேரம்.

நான்காம் கட்டம், ஃபேன் ரெகுலேட்டர். எப்போது வேண்டுமானாலும் திருப்பலாம். சாஃப்ட்வேர் ஓடிக் கொண்டிருக்கும்போது மாற்றக் கூடிய செட்டிங்குகள் இவை.

இனி கீழிருந்து மேலே போவோம்.

ரெகுலேட்டர் போன்ற செட்டிங்குகள்

மைஎஸ்க்யூஎல் என்ற டேட்டாபேஸ் சாஃப்ட்வேரைப் பலர் கேள்விப்பட்டிருப்பீர்கள். ஒரே நேரத்தில் எத்தனை பேர் அதில் இணையலாம் என்பதற்கு ஓர் அளவு இருக்கிறது. நாம் எதுவும் சொல்லாவிட்டால் அது 151. இப்படி நாம் சொல்லாமலே வரும் மதிப்பை ‘டீஃபால்ட்’ என்கிறோம். மைஎஸ்க்யூஎல் ஓடிக் கொண்டிருக்கும்போதே ஒரு கட்டளை கொடுத்து இதை 300 ஆக்கி விடலாம். அது நிரந்தரமாக இருக்க வேண்டும் என்றால் அதன் கன்ஃபிகரேஷன் பைலிலும் எழுதி வைக்க வேண்டும்.

போஸ்ட்கிரெஸ் என்பது இன்னொரு புகழ் பெற்ற இலவச டேட்டாபேஸ். அதில் இதே அளவு டீஃபால்ட்டாக 100. இதையும் கன்ஃபிகரேஷன் பைலில் மாற்றலாம். ஆனால் சாஃப்ட்வேரை நிறுத்தி மறுபடி துவக்கினால்தான் மாற்றம் நடைமுறைக்கு வரும். இணைப்புகளுக்குத் தேவையான மெமரியைத் துவக்கத்திலேயே அது ஒதுக்கி விடுவதுதான் காரணம். மாற்றக் கூடிய செட்டிங்குகளிலும் இப்படி இரண்டு வகை உண்டு.

இந்த வகை செட்டிங்கை மாற்றினால் பெரும்பாலும் வேகம் கூடும் அல்லது குறையும். நீங்கள் சேமித்த விவரங்கள் டிஸ்க்கில் எழுதப்பட்டிருக்கும் விதம் மாறாது. பழைய எண்ணைத் திரும்பப் போட்டால் பழைய நிலைக்கு வந்து விடும். அதனால் துணிந்து பரிசோதித்துப் பார்க்கலாம்.

டைல்ஸ் போன்ற செட்டிங்குகள்

டேட்டாபேஸ் விவரங்களை டிஸ்க்கில் ஒவ்வொரு எழுத்தாக எழுதுவதில்லை. நோட்டுப் புத்தகத்தின் பக்கங்களைப் போல ஒரே அளவுள்ள பக்கங்களாகப் பிரித்து எழுதுகிறது. இதைப் ‘பேஜ்’ அல்லது ‘பிளாக்’ என்பார்கள். மைஎஸ்க்யூஎல்லில் இன்னோடிபி என்ற பகுதிதான் இந்த வேலையைச் செய்கிறது. அதன் பக்க அளவு டீஃபால்ட்டாக 16 கிலோபைட். வேறு அளவு வேண்டும் என்றால் முதன்முதலில் டேட்டாபேஸைத் தயார் செய்யும்போதே சொல்லி விட வேண்டும். விவரங்கள் ஏறிய பிறகு மாற்ற முடியாது.

எஸ்க்யூலைட் என்ற டேட்டாபேஸ் உங்கள் ஆண்ட்ராய்ட் போனிலும் ஐபோனிலும் பயர்பாக்ஸ் பிரவுசரிலும் இருக்கிறது. இதன் பக்க அளவு நீண்ட காலம் 1,024 பைட் ஆக இருந்தது. 2016-ல் வெளியான 3.12.0 பதிப்பில் டீஃபால்ட் 4,096 பைட் ஆனது. அப்படியானால் பழைய பைல்கள் திறக்காமல் போயினவா? இல்லை. ஒவ்வொரு எஸ்க்யூலைட் பைலும் தன் பக்க அளவைத் தன் தலைப்பகுதியிலேயே எழுதி வைத்திருக்கிறது. திறக்கும் சாஃப்ட்வேர் முதலில் அதைப் படிக்கிறது. பிறகு அதற்குத் தகுந்தபடி நடந்து கொள்கிறது. எண் பைலோடு சேர்ந்தே பயணம் செய்வதால் எந்தக் கம்ப்யூட்டருக்குக் கொண்டு போனாலும் சிக்கல் இல்லை.

இதை நினைவில் வைத்துக் கொள்ளுங்கள். கீழே வரும் கதைக்கு இது தேவைப்படும்.

சுவருக்குள் போகும் செட்டிங்குகள்

போஸ்ட்கிரெஸிலும் பக்க அளவு உண்டு. டீஃபால்ட் 8 கிலோபைட். ஆனால் இங்கே அதைப் பைல் தீர்மானிப்பதில்லை. சாஃப்ட்வேரைப் பில்ட் செய்யும் நேரத்திலேயே 1 முதல் 32 கிலோபைட் வரை, ஒவ்வொன்றும் முந்தையதன் இரு மடங்காக, ஓர் அளவைத் தேர்வு செய்ய வேண்டும். இன்டர்நெட்டில் தயாராகக் கிடைக்கும் போஸ்ட்கிரெஸை இறக்கினால் 8 கிலோபைட்தான். வேறு அளவு வேண்டும் என்றால் மூலக் கோடை இறக்கி நாமே கம்பைல் செய்ய வேண்டும்.

ஓர் எண் காலப்போக்கில் கோடிலிருந்து செட்டிங்குக்கு இறங்கி வருவதற்கும் போஸ்ட்கிரெஸில் நல்ல உதாரணம் இருக்கிறது. எந்த மாற்றத்தையும் டேபிளில் எழுதுவதற்கு முன் அது தனியாக ஒரு லாக் பைலில் குறித்து வைத்துக் கொள்ளும். நடுவில் கரண்ட் போனாலும் அந்தக் குறிப்பை வைத்து விவரங்களை மீட்டு விடும். இந்த லாக் பைல் ஒவ்வொன்றும் 16 மெகாபைட். ஆரம்பத்தில் இந்த அளவை மாற்ற வேண்டும் என்றால் மூலக் கோடில் கை வைக்க வேண்டும். 2009-ல் வந்த 8.4 பதிப்பில் இது பில்ட் செட்டிங் ஆனது. 2018-ல் வந்த 11-ம் பதிப்பிலிருந்து டேட்டாபேஸை உருவாக்கும் நேரத்திலேயே தேர்வு செய்யலாம். வரைபடத்திலிருந்து சுவருக்கும், சுவரிலிருந்து டைல்ஸுக்கும் வந்து விட்டது.

பில்ட் செட்டிங்கில் இன்னொரு சங்கடம், அது கண்ணுக்குத் தெரியாது என்பது. எஸ்க்யூலைட்டில் ஒரு கட்டளைக்குள் எத்தனை மதிப்புகளைத் தனித்தனியாக அனுப்பலாம் என்பதற்கு டீஃபால்ட் அளவு 999 ஆக இருந்தது. 2020-ல் வந்த 3.32.0 பதிப்பில் அது 32,766 ஆக உயர்ந்தது. ஆனால் டெபியன், உபுண்டு லினக்ஸோடு வரும் எஸ்க்யூலைட்டை அவர்கள் 2,50,000 என்ற அளவோடு பில்ட் செய்திருக்கிறார்கள். உபுண்டுவில் எழுதி ஓட்டிப் பார்த்த புரோகிராம் அங்கே அருமையாக ஓடும். அதையே வேறு கம்ப்யூட்டருக்குக் கொண்டு போனால் "மதிப்புகள் அதிகம்" என்று நின்று விடும். சாஃப்ட்வேரின் பெயர் ஒன்று, பதிப்பும் ஒன்று, பில்ட் மட்டும் வேறு.

தூண் போன்ற எண்கள்

சில எண்களை எந்த செட்டிங்காலும் மாற்ற முடியாது. மைக்ரோசாஃப்ட் ஆக்ஸஸில் ஒரு டேட்டாபேஸ் பைல் 2 ஜிகாபைட்டுக்கு மேல் வளராது. நீங்கள் எத்தனை பெரிய ஹார்ட் டிஸ்க் வாங்கினாலும் இதே கதைதான். வேண்டுமானால் விவரங்களை இரண்டு பைல்களாகப் பிரித்து இணைத்துக் கொள்ளலாம். அதே ஆக்ஸஸில் ஒரே நேரத்தில் எத்தனை பூட்டுகள் போடலாம் என்ற அளவு டீஃபால்ட்டாக 9,500. இதை விண்டோஸ் ரெஜிஸ்ட்ரியில் மாற்றி விடலாம். ஒரே சாஃப்ட்வேருக்குள் தூணும் இருக்கிறது, ரெகுலேட்டரும் இருக்கிறது.

தூணில் மோதினால் என்ன ஆகும் என்பதற்கு உலகம் அறிந்த சம்பவம் ஒன்று உண்டு. எக்ஸெல்லின் பழைய எக்ஸ்எல்எஸ் வகைப் பைலில் 65,536 வரிகள்தான் கொள்ளும். வரி எண்ணுக்கு இரண்டு பைட் இடம் மட்டும் ஒதுக்கியிருந்ததால் வந்த அளவு இது. எக்ஸெல் 2007-ல் புதிய வகைப் பைல் வந்து இது 10,48,576 ஆனது. ஆனால் 2020-ல் இங்கிலாந்தின் பொதுச் சுகாதாரத் துறை, கொரோனா பரிசோதனை முடிவுகளைத் திரட்டும் வேலையில் பழைய வகைப் பைலையே பயன்படுத்திக் கொண்டிருந்தது. பைல் நிரம்பியதும் மேற்கொண்டு வந்த வரிகள் சேரவில்லை. செப்டம்பர் 25 முதல் அக்டோபர் 2 வரை 15,841 நோயாளிகளின் விவரம் தினசரிக் கணக்கில் விடுபட்டது. பரிசோதனை செய்து கொண்டவர்களுக்கு முடிவு போய்ச் சேர்ந்து விட்டது. ஆனால் அவர்களோடு பழகியவர்களைத் தேடி எச்சரிக்கும் வேலை தாமதமானது.

எக்ஸெல் டேட்டாபேஸ் அல்ல, அதை டேட்டாபேஸ் போலப் பயன்படுத்தினார்கள். இங்கே கவனிக்க வேண்டியது அளவு சிறியதா பெரியதா என்பதை அல்ல. அளவு முடிந்து விட்டது என்பது வேலை செய்பவர்களுக்குத் தெரியாமல் போனதைத்தான்.

தமிழில் பெயர் வைத்தால்...

இதை நீங்களே பரிசோதித்துப் பார்க்கலாம். போஸ்ட்கிரெஸில் டேபிளுக்கும் அதன் கட்டங்களுக்கும் தமிழிலேயே பெயர் வைக்க முடியும். பெரியப்பா கடை டேட்டாபேஸில் நான் அப்படித்தான் வைத்தேன். ஒரு கட்டத்துக்கு ‘வாடிக்கையாளர்_தொலைபேசி’ என்று பெயர் கொடுத்தேன். போஸ்ட்கிரெஸ் ஓர் அறிவிப்போடு அதை ஏற்றுக் கொண்டது. பிறகு பார்த்தால் டேபிளில் ‘வாடிக்கையாளர்_தொலைபேச’ என்று இருக்கிறது. கடைசி ‘சி’யின் கொக்கியைக் காணோம்!

காரணம் இதுதான். போஸ்ட்கிரெஸில் ஒரு பெயர் 63 பைட்டுக்கு மேல் போகக் கூடாது. ஆங்கில எழுத்து ஒன்றுக்கு ஒரு பைட். யூனிகோடில் யுடிஎஃப்-8 முறையில் தமிழுக்கு மூன்று பைட். புள்ளி, கொம்பு, கால் ஆகியவையும் தனித்தனியாகக் கணக்கில் வரும். ‘க்’ என்றால் க-வுக்கு மூன்று, புள்ளிக்கு மூன்று, ஆக ஆறு பைட். இந்தக் கணக்கில் ‘வாடிக்கையாளர்’ 39 பைட், நடுக்கோடு 1 பைட், ‘தொலைபேசி’ 24 பைட். மொத்தம் 64. ஒரு பைட் அதிகம். பாதி எழுத்தை வைத்துக் கொள்ள முடியாது என்பதால் கடைசிக் குறியை முழுதாக வெட்டி விட்டது.

பிறகு இரண்டாவது போன் நம்பருக்காக அதே பெயரின் முடிவில் 2 சேர்த்தேன். அதுவும் வெட்டப்பட்டு முதல் பெயராகவே ஆனது. "இந்தப் பெயர் ஏற்கெனவே இருக்கிறது" என்று டேபிளை உருவாக்கவே மறுத்து விட்டது.

இந்த 63 எங்கிருந்து வருகிறது? ஒவ்வொரு பெயருக்கும் 64 பைட் கொண்ட பெட்டி ஒன்றைப் போஸ்ட்கிரெஸ் ஒதுக்குகிறது. கடைசி பைட், பெயர் முடிந்தது என்பதற்கான அடையாளம். 2002-ல் வந்த 7.3 பதிப்புக்கு முன் இந்தப் பெட்டி 32 பைட்டாக இருந்தது. இப்போதும் மூலக் கோடில் ஒரு வரியைத் திருத்திக் கம்பைல் செய்தால் 128 ஆக்கலாம். அந்த வரி இருக்கும் பைலின் பெயரிலேயே ‘மேனுவல்’ என்ற சொல் இருக்கிறது. கையால்தான் மாற்ற வேண்டும் என்று பொருள்.

நான் அதை மாற்றவில்லை. ‘தொலைபேசி_1’, ‘தொலைபேசி_2’ என்று பெயரைச் சுருக்கிக் கொண்டேன். ஆனால் அதே வாரம் வேறு ஓர் எண்ணை மாற்றினேன். அதுதான் வினையாகி விட்டது.

ஆவணி மாதத்து இரவு

பக்க அளவு பெரிதாக இருந்தால் சில வேலைகள் வேகமாக நடக்கும் என்று எங்கோ படித்தேன். பெரியப்பா கடையில் மொத்தமே சில ஆயிரம் வரிகள்தான். 8 கிலோபைட் தாராளமாகப் போதும். ஆனாலும் புதிதாகக் கற்றவளுக்கு ஆசை விடுமா? போஸ்ட்கிரெஸ் 14-ஐ 32 கிலோபைட் பக்க அளவோடு நானே கம்பைல் செய்து கடைக் கம்ப்யூட்டரில் போட்டேன். நன்றாக ஓடியது. வேகத்தில் ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. இப்படிச் செய்ததை எங்கும் எழுதி வைக்கவில்லை. "ஏதாவது ஆனால் இந்த டேட்டா போல்டரை மட்டும் காப்பி எடுத்து வையுங்கள், போதும்" என்று பெரியப்பாவிடம் சொல்லி விட்டு வந்தேன்.

2024 ஆவணியில் கடைக் கம்ப்யூட்டரின் மதர்போர்டு போய் விட்டது. வந்த மெக்கானிக் பெரியப்பா சொன்னபடி டேட்டா போல்டரைப் பென் டிரைவில் எடுத்தார். டிஸ்க்கைப் பார்மட் செய்து புதிய மதர்போர்டில் புதிய உபுண்டு போட்டார். போஸ்ட்கிரெஸையும் போட்டு விட்டார். ஆனால் டேட்டாபேஸ் துவங்கவில்லை. முகூர்த்த நாளுக்கு இன்னும் இரண்டு நாள்தான். யாரிடம் எத்தனை அண்டா இருக்கிறது, யார் எவ்வளவு அட்வான்ஸ் கொடுத்திருக்கிறார்கள் என்பது அந்தப் பென் டிரைவில் மட்டும்தான் இருந்தது.

போனில் பெரியப்பா சத்தம் போடவில்லை. "அந்த சிவப்பு நோட்டை நிறுத்தியிருக்கக் கூடாதும்மா" என்று மட்டும் சொன்னார். திட்டியிருந்தால் கூட தேவலாம் என்று இருந்தது.

அன்று இரவே பஸ் ஏறி அதிகாலையில் போய்ச் சேர்ந்தேன். முதல் தவறு எளிதாகத் தெரிந்தது. மெக்கானிக் போட்டது 16-ம் பதிப்பு. விவரங்கள் 14-ம் பதிப்பில் எழுதியவை. போஸ்ட்கிரெஸில் ஒரு பெரிய பதிப்பின் டேட்டா போல்டரை இன்னொன்று நேரடியாகத் திறக்காது. சரியென்று தயாராகக் கிடைக்கும் 14-ஐ இறக்கிப் போட்டேன். அதுவும் திறக்கவில்லை. ஆனால் இந்த முறை வந்த செய்தி தெளிவாக இருந்தது. டேட்டாபேஸ் 32,768 பைட் பக்க அளவில் உருவாக்கப்பட்டது, இந்த சாஃப்ட்வேர் 8,192 பைட்டுக்குக் கம்பைல் செய்யப்பட்டது, மறுபடி கம்பைல் செய்யுங்கள் அல்லது புதிதாக டேட்டாபேஸை உருவாக்குங்கள் என்றது.

இரண்டு வருடம் முன் நான் செய்தது அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

அந்தச் செய்தியை எழுதியவர்களுக்கு நன்றி சொல்ல வேண்டும். போஸ்ட்கிரெஸ் தன் பில்ட் எண்களை டேட்டா போல்டருக்குள் ஒரு சிறிய கன்ட்ரோல் பைலில் எழுதி வைக்கிறது. ஒவ்வொரு முறை துவங்கும்போதும் தன் எண்ணோடு ஒப்பிட்டுப் பார்க்கிறது. பொருந்தாவிட்டால் ஓர் எழுத்தைக் கூடத் தொடாமல் நின்று விடுகிறது. எஸ்க்யூலைட்டைப் போலத் தகுந்தபடி மாறிக் கொள்ளாது, ஆனால் தவறாகப் படித்து விவரங்களைப் பாழாக்கவும் செய்யாது. என் புரோகிராமில் ஏழாவது இடத்தில் இருந்த 50 ரூபாய்க்கு அப்படி ஒரு காவல் இல்லை. அது சத்தமில்லாமல் தவறாகக் கூட்டிக் கொண்டே இருந்தது.

பிறகு செய்த வேலை நேரானது. பென் டிரைவில் இருந்ததை வேறு டிஸ்க்கில் இன்னொரு காப்பி எடுத்தேன். போஸ்ட்கிரெஸ் 14-ன் மூலக் கோடை இறக்கி 32 கிலோபைட் என்று சொல்லிக் கம்பைல் செய்தேன். டேட்டாபேஸ் துவங்கியது. உடனே எல்லா விவரங்களையும் ‘டம்ப்’ எடுத்தேன். டம்ப் என்றால் டேபிள்களையும் அவற்றில் உள்ள வரிகளையும் மறுபடி உருவாக்குவதற்கான கட்டளைகளைச் சாதாரண எழுத்தில் கொண்ட பைல். அதில் பக்க அளவு கிடையாது. அதை டீஃபால்ட் பில்ட் கொண்ட புதிய போஸ்ட்கிரெஸில் ஏற்றினேன். மதியத்துக்குள் கடையில் பில் போட ஆரம்பித்து விட்டார்கள்.

எல்லாவற்றையும் ஏன் செட்டிங்காக வைப்பதில்லை?

நியாயமான கேள்வி. மூன்று காரணங்கள் சொல்லலாம்.

ஒன்று, வேகம். எண் மாறாது என்று கம்பைல் செய்யும்போதே தெரிந்து விட்டால் கம்பைலர் அதற்கேற்பக் கணக்குகளைச் சுருக்கி விடும். ஒரு நொடியில் பல லட்சம் முறை நடக்கும் கணக்கில் இது முக்கியம்.

இரண்டு, இடம். பெயருக்கான பெட்டியை 64-லிருந்து 128 ஆக்கினால் நீளமான பெயர் வைப்பவர்களுக்கு லாபம். ஆனால் சின்னப் பெயர் வைப்பவர்களுக்கும் ஒவ்வொரு பெயருக்கும் 64 பைட் கூடுதலாகச் செலவாகும்.

மூன்று, பரிசோதனை. ஆறு அளவுகள் கொண்ட ஒரு செட்டிங்கும் ஐந்து அளவுகள் கொண்ட இன்னொன்றும் இருந்தால் முப்பது விதமான சாஃப்ட்வேரைச் சோதித்துப் பார்க்க வேண்டும். யாரும் அவ்வளவு சோதிப்பதில்லை. உலகத்தில் பெரும்பாலோர் பயன்படுத்துவது டீஃபால்ட் பில்ட். அதிலுள்ள பிழைகளை ஏற்கெனவே பலர் கண்டுபிடித்துத் திருத்தியிருப்பார்கள். நீங்கள் மாற்றிய பில்டைப் பயன்படுத்துவது நீங்கள் ஒருவராகவே இருக்கலாம்.

ஆக, கடைக்காரர் முடிவு செய்ய வேண்டிய எண்கள் எல்லாம் வெளியே செட்டிங்கில் இருக்க வேண்டும். தாமதக் கட்டணம், வரி, கடையின் முகவரி போன்றவை இந்த வகை. டிஸ்க்கில் விவரங்கள் எழுதப்படும் விதத்தைத் தீர்மானிக்கும் எண்கள் உள்ளே பத்திரமாக இருப்பதே நல்லது. அவற்றை மாற்ற வசதி இருக்கிறது என்பதற்காக மாற்ற வேண்டியதில்லை.

நீங்கள் செய்ய வேண்டியவை

1. எந்த செட்டிங்கை மாற்றுவதற்கு முன்னும் ஒரு கேள்வி கேளுங்கள்: இதை மாற்றினால் ஏற்கெனவே சேமித்த விவரங்களைத் திறக்க முடியுமா? "முடியும்" என்று உறுதியாகத் தெரிந்தால் மட்டும் மாற்றுங்கள்.

2. உங்கள் டேட்டாபேஸ் எப்படிப் பில்ட் செய்யப்பட்டது என்று தெரிந்து கொள்ளுங்கள். போஸ்ட்கிரெஸில் ‘ஷோ’ என்று ஆங்கிலத்தில் டைப் செய்து, பக்கத்தில் ‘பிளாக்_சைஸ்’ என்று கொடுத்தால் பக்க அளவு கிடைக்கும். எஸ்க்யூலைட்டில் ‘ப்ராக்மா’ என்று டைப் செய்து ‘கம்பைல்_ஆப்ஷன்ஸ்’ என்று கொடுத்தால் பில்ட் செட்டிங்குகளின் பட்டியலே வந்து விடும்.

3. டேட்டா போல்டரைக் காப்பி எடுப்பதோடு நிறுத்தாதீர்கள். வாரம் ஒரு முறை டம்ப் எடுத்து வேறு டிஸ்க்கில் வையுங்கள். போல்டரின் காப்பியைத் திறக்க அதே பதிப்பும் அதே பில்டும் வேண்டும். டம்ப் பைலை அதே பதிப்பின் வேறு பில்டிலும் அதற்குப் பிறகு வரும் பதிப்புகளிலும் ஏற்ற முடியும்.

4. எடுத்த டம்ப் வேலை செய்கிறதா என்று வருடத்துக்கு ஒரு முறையாவது வேறு கம்ப்யூட்டரில் ஏற்றிப் பாருங்கள். ஏற்றிப் பார்க்காத பேக்கப்பை நம்ப முடியாது.

5. யாராவது உங்களுக்குப் புரோகிராம் எழுதித் தந்தால் இரண்டு விஷயங்களை எழுதி வாங்குங்கள். எந்த டேட்டாபேஸ், எந்தப் பதிப்பு, பில்டில் ஏதாவது மாற்றினார்களா என்பது ஒன்று. எந்த எண்களை நீங்களே மாற்றலாம், எங்கே மாற்றலாம் என்பது இன்னொன்று.

6. புரோகிராம் எழுதப் பழகுகிறவராக இருந்தால், மாறக் கூடிய எண்ணை ஒரே ஓர் இடத்தில் பெயர் கொடுத்து வையுங்கள். மற்ற இடங்களில் எல்லாம் அந்தப் பெயரைப் பயன்படுத்துங்கள். அதைச் செட்டிங்காக வெளியே கொண்டு வருவது பிறகு ஒரு மணி நேர வேலைதான்.

இப்போது பெரியப்பா கடைப் புரோகிராமில் ‘கட்டணங்கள்’ என்று ஒரு பக்கம் இருக்கிறது. தாமதக் கட்டணம் அங்கே இருக்கிறது. போன தீபாவளிக்குப் பிறகு அவரே அதை 100 ஆக்கி விட்டார், எனக்குப் போன் செய்யவில்லை. கல்லாப்பெட்டிக்குள் ஒரு தாளில் போஸ்ட்கிரெஸின் பதிப்பு, பக்க அளவு, டம்ப் எங்கே இருக்கிறது என்பதையெல்லாம் தமிழில் எழுதி ஒட்டியிருக்கிறேன்.

சிவப்பு நோட்டும் மறுபடி வந்து விட்டது. அட்வான்ஸ் வாங்கியதை அதிலும் ஒரு வரி எழுதி வைக்கிறார். நான் ஒன்றும் சொல்லவில்லை. அதுவும் ஒரு பேக்கப்தானே!